செருப்பு மாறிச்சா?

கல்யாணமாகி, தங்கவயல் ராபர்ட்சன்பேட்டைக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு சக்களத்தி கிடைத்துவிட்டாள். அவள் ஒரு வெள்ளை விரிப்பு.

என் வீட்டுக்காரருடைய ஜவுளிக்கடை கடைத்தெருவின் நடுவில் இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடைக்குள் நாற்காலி, மேஜை எதுவும் கிடையாது. தெருவிலிருந்து ஒரு படி ஏறினால் தரை முழுக்கக் கோரைப்பாய், பாயின் மேல் மெத்தை, மெத்தையின் மேல் வெள்ளை விரிப்பு, சுவரோரமாக நாலைந்து திண்டு. வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார வேண்டும். என் மாமனாரும் வீட்டுக்காரரும் அதே விரிப்பில் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, புடவைகளைப் பிரித்துப் பிரித்துப் போடுவார்கள்.

அந்த விரிப்பை வெளுப்பது என் வேலையாக வந்து விடிந்தது. தங்கம் எடுத்த பிறகு சுரங்கத்துக்காரர்கள் கொட்டிய மண் எங்கள் ஊரைச் சுற்றி மலை மலையாக நிற்கும். சயனைடு மேடு என்போம். காற்று அடிக்கும் மாதங்களில் அந்த மண் மாவாகப் பறந்து வந்து கண்ணில், சோற்றில், தலைமுடியில் எல்லாம் விழும். அத்தனையும் ஜனங்களின் கால்வழியாகக் கடைக்குள் வந்து என் விரிப்பில் ஏறும். மொத்தம் ஏழு விரிப்புகள். தினம் ஒன்று வெளுக்க வேண்டும், நீலம் போட வேண்டும், மொட்டைமாடியில் உலர்த்த வேண்டும். உலர்வதற்குள் அதன் மேலும் மண் விழும். பெங்களூர் கண்டோன்மென்ட்டில் செல்லமாக வளர்ந்தவள் நான். துணி துவைக்கவா என்னைக் கட்டிக்கொடுத்தீர்கள் என்று அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடாமல் கிழித்துப் போட்டேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் மாமனாரிடமே கேட்டுவிட்டேன்.

"மாமா, பெங்களூர்ல எல்லாக் கடையிலயும் கண்ணாடி மேஜை போட்டுட்டாங்க. நாம மட்டும் ஏன் ஜனங்களைத் தரையில ஒக்கார வெக்கறோம்?"

அவர் கோபப்படவில்லை. "ஒக்காந்தவங்க வெறுங்கையோட எழுந்து போவ மாட்டாங்கம்மா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். வியாபாரத் தந்திரம் என்று நினைத்துக்கொண்டேன். பாதி அதுதான். மீதிப் பாதி எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

மாமனாருக்கு ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டுக்கு உள்ளே போய்விட்டுக் கடைக்குத் திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "செருப்பு மாறிச்சா?"

முகூர்த்த மாதத்தில் எங்கள் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஒரு லைனே திரண்டு வரும். லைன் என்பது சுரங்கத் தொழிலாளிகளின் வரிசை வீடுகள். பெண் வீடு, பிள்ளை வீடு, பக்கத்து வீடு என்று இருபது பேர் வந்து போனால், யாராவது ஒருவர் கட்டாயம் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். மாறியிருந்தால் அன்று வியாபாரம் நல்ல வியாபாரம் என்பது மாமனாரின் கணக்கு. வாடிக்கைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போதே சத்தமாகக் கேட்பார். அவர்களும் சிரிப்பார்கள்.

அப்படி மாறிப்போன செருப்பால்தான் எனக்கு அந்த ஊரில் ஒரு சிநேகிதி கிடைத்தாள். நான் வந்த மாதமே அவளுக்கும் கல்யாணம். கூரைப்புடவை எடுக்க சாம்பியன் ரீப்ஸ் லைனிலிருந்து பெரிய கூட்டமாக வந்தார்கள். சுரங்கத்துச் சங்கு ஊதி, காலை ஷிப்டு முடிந்த ஆண்கள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்து, குளித்துச் சாப்பிட்டு, குடும்பத்தோடு பேட்டைக்கு வந்துசேர நாலு மணி ஆகும். நான் உள்கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய அப்பா பூமிக்கு அடியில் பல லெவல் கீழே வேலை செய்தவர். அவளைப் போல நானும் பிற்பாடு அவரை நைனா என்றுதான் கூப்பிட்டேன். மனிதர் வந்ததும் நேரே திண்டில் சாய்ந்தார். காலை நீட்டினார். "ஒண்ணொண்ணா போடுங்க மொதலாளி" என்றார். போட்ட ஒவ்வொரு புடவையையும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"கண்ணத் தொறந்து பாருங்க நைனா, கலர் இன்னான்னு" என்று பெண் சிணுங்கினாள்.

"கலரு நீ பாரு. நான் இருட்டுல வேலை செஞ்சவன், எனக்குக் கைதான் கண்ணு."

மூன்று மணிநேரம் ஆனது. நடுவில் ஒருமுறை அவர் திண்டிலேயே தூங்கிப்போய் லேசாகக் குறட்டையும் விட்டார். யாரும் எழுப்பவில்லை. டீக்கடையிலிருந்து எல்லோருக்கும் டீ வந்தது. கடைசியில் அரக்குச் சிவப்பில் ஒரு புடவையைத் தொட்டு, "இது" என்றார். அதுவேதான் பெண்ணுக்கும் பிடித்திருந்தது.

மறுநாள் காலை அவள் தனியாக வந்து வாசலில் நின்று திருதிருவென்று விழித்தாள். ஒரு காலில் அவள் செருப்பு, மறு காலில் யாருடையதோ. மாறி மிஞ்சியவை என்று எடுத்து வைத்திருந்த செருப்புகளில் நான்தான் தேடிக் கொடுத்தேன். "எங்க நைனா சிரியா சிரிச்சாருக்கா. மொதலாளிக்கு நேத்து நல்ல வியாபாரம்னு" என்றாள். அன்றிலிருந்து பேட்டைக்கு வரும்போதெல்லாம் பின்பக்கமாக வந்து என்னோடு பேசிவிட்டுப் போவாள். விரிப்பு பிழியும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள். அவள் பிடித்தால் சொட்டுத் தண்ணீர் மிஞ்சாது.

சில வருஷங்களில் மாமனார் போய்விட்டார். அதே சமயத்தில் எதிர்வரிசையில் ஒரு புதுக்கடை வந்தது. குழல் விளக்கு, கண்ணாடி மேஜை, தலைக்கு மேலே விசிறி. திறந்த அன்று தெருவே அங்கே போய் நின்றது. என் வீட்டுக்காரர் எங்கள் கடைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நான் பிடித்துக்கொண்டேன்.

காலையில் காப்பியோடு சொன்னேன். மத்தியானம் சோற்றோடு சொன்னேன். காலம் மாறிவிட்டது, ஜனங்கள் மாறிவிட்டார்கள், தரையில் உட்கார யாருக்கு இப்போது பொறுமை இருக்கிறது என்றெல்லாம் பேசினேன். வெளுத்து வெளுத்துக் கை வெடித்துப் போனதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு வேலைக்காரியை வைத்துத் தொலைத்திருப்பார், கடை பிழைத்திருக்கும். அவர் எதற்கும் சட்டென்று தலையாட்டுகிற ஆள் இல்லை. ஆனால் நான் பிடித்த பிடியை விடவில்லை. ஆறு மாதத்தில் தலையாட்டினார்.

மெத்தையைச் சுருட்டினோம். தரைக்கு மொசைக் போட்டோம். முழங்கைக்கு வாகான உயரத்தில் மூன்று கண்ணாடி மேஜைகளைத் திருகு போட்டு இறுக்கினார்கள். அந்தப் பக்கம் நாங்கள், இந்தப் பக்கம் ஜனங்கள். ஆபீசர் வீட்டுப் பெண்கள் வந்தால் உட்கார இரண்டு நாற்காலி. ஏழு விரிப்புகளில் ஐந்தைக் கிழித்துப் பிள்ளைகளுக்கும் அடுப்படிக்கும் ஆக்கினேன். கிழிக்கும்போது எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இரண்டை மட்டும் எதற்கோ டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்தேன்.

முதல் வாரம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. பிறகு லைன்காரர்கள் வாசல்வரை வருவார்கள், உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், காலைப் பார்த்துக்கொள்வார்கள்.

"செருப்ப உடணுமா?"

"வேணாம், போட்டுக்கினே வாங்க" என்பார் என் வீட்டுக்காரர்.

வருவார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்பார்கள். முதலில் காட்டிய புடவையையே எடுத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் போய்விடுவார்கள். இருபது பேர் வந்த இடத்தில் நாலு பேர் வந்தார்கள். எல்லோரும் நிற்பதற்கு இடமும் இல்லை, நின்றுகொண்டு யாரும் ஒரு புடவைக்காகச் சண்டை போட முடியாது.

இன்னொன்றை நாங்கள் யோசிக்கவே இல்லை. வாசலில் செருப்பே இல்லாமல் போயிற்று. தெருவில் போகிறவன் முதலில் பார்ப்பது வாசலைத்தான். செருப்பு இல்லாத கடையில் ஆள் இல்லை என்று அவனாக முடிவு கட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவான். அத்தனை வருஷமாக எங்களுக்கு விளம்பரப் பலகையாக இருந்தது அந்தக் குவியல்தான் என்பது, அது போன பிறகுதான் தெரிந்தது. எதிர்க்கடைக்கும் செருப்பு இல்லைதான். ஆனால் அவனுக்கு முதல் நாளிலிருந்தே இல்லை. எங்கள் வாசலைப் பார்த்துப் பழகிய ஜனத்துக்கு எங்கள் வாசல்தான் சூனியமாகத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு யோசனை செய்தார். வீட்டில் இருந்த செருப்புகளையெல்லாம் கொண்டுபோய் வாசலில் பரப்பினார். என்னுடையது, பிள்ளைகளுடையது, மாமனார் விட்டுப்போன பழைய ஜோடி எல்லாம். அதைப் பார்த்து பாலகாட் சுரங்க லைனிலிருந்து வந்த ஒரு குடும்பம் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது. வந்து பார்த்தால் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் எல்லாம் செருப்போடு நிற்கிறார்கள். அந்த அம்மாள் எங்களைப் பார்த்த பார்வையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சாயங்காலம் கணக்குப் பார்த்தால் வாசலில் வைத்த செருப்புகளில் இரண்டு ஜோடி திருட்டுப் போயிருந்தது. ஒன்று என்னுடையது. யோசனை அத்தோடு முடிந்தது.

என் சிநேகிதியும் வருவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் மார்க்கெட்டில் கையும் களவுமாகப் பிடித்தேன். எனக்கு நல்ல கோபம்.

"இன்னாமே, தீபாவளிக்குக் கூட நம்ம கடைப்பக்கம் காணோம்? எதிர்க்கடைக்காரன் இனிப்பு குடுக்கறானா?"

அவள் முதலில் மழுப்பினாள். விடாமல் கேட்டதும் கூடையைக் கீழே வைத்தாள்.

"போன பொங்கலுக்கு நைனாவ கூட்டினு வந்தேன்க்கா. நீ உள்ள இருந்த. அவருக்கு நெஞ்சில மண்ணு ரொம்பிக்கீது, ரொம்ப நேரம் நிக்க முடியாது. நாக்காலி ரெண்டுலயும் யாரோ பெரிய வூட்டு அம்மாங்க ஒக்காந்துக்கினு இருந்தாங்க. மேஜையப் புடிச்சிக்கினு நின்னாரு. புடவையத் தொட்டுக் கூடப் பாக்கல. வூட்டுக்கு வந்து செவுத்தப் பாத்துப் படுத்துக்கினாரு."

"சொல்லியிருந்தா நாற்காலி போட்டிருப்போமே."

"நாக்காலி இல்லக்கா விஷயம். எங்க நைனா வாலிபத்துல ஆற்காட்டுப் பக்கம் ஊர்ல கீறச்சொல்ல, எங்காளுங்க துணிக்கடைக்கு வெளிய தெருவுலதான் நிக்கணுமாம். கடைக்காரரு உள்ள இருந்து துணியத் தூக்கிப் போடுவாராம். புடிச்சிக்கணுமாம். தங்கவயலுக்கு வந்தப்புறம் உங்க மாமனாருதான் வாங்க, ஒக்காருங்கன்னு கூப்பிட்டு அவரு ஒக்காந்த துணி மேலயே ஒக்கார வெச்சாராம். அத எங்ககிட்ட நூறு வாட்டி சொல்லிக்கீறாரு. இப்ப மறுபடியும் நிக்க வெச்சிட்டாங்களேன்னாரு. அவ்ளோதான்."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு போன பிறகும் நான் கறிகாய்க்காரியின் முன்னால் அப்படியே நின்றேன். நான் கிழித்தது ஐந்து விரிப்புகள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்பாவுக்கு இது தெரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார். மேஜைகளை எடுத்துவிட்டுப் பழையபடி மெத்தை போடலாமா என்று பேசினோம். அதற்குள் காலம் எங்களை முந்திக்கொண்டிருந்தது. சுரங்கத்தில் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஓய்வு வாங்கிய குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. இளசுகள் காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய், அங்கேயே தைத்த துணியை வாங்கி வந்தார்கள். எங்கள் தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை பிளாஸ்டிக் கடையானது, நாட்டு மருந்துக் கடை பூட்டியே கிடந்தது, விசிறி போட்ட எதிர்க்கடைக்காரனும் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்தான். என் ஒருத்தியால் கடை போனது என்று சொன்னால், எனக்கு நானே அதிகப் பெருமை கொடுத்துக்கொள்வதாகும். ஆனாலும் நைனா நின்றது என்னால்தான். அதில் யாருக்கும் பங்கு இல்லை.

எழுபதுகளில் எங்கள் பெரிய பையனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கடையை மூடிவிட்டு அவனோடு போய்விடுவது என்று முடிவு செய்தோம். அப்போதுதான் என் சிநேகிதியின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி வந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி சாம்பியன் ரீப்ஸ் லைனுக்குப் போனேன். நைனா வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். ஒவ்வொரு மூச்சும் சத்தத்தோடு வந்தது.

"நைனா, கடையை மூடப் போறோம். அதுக்கு முன்னாடி, அடுத்த வெள்ளிக்கிழமை, உங்க பேத்திக்குக் கூரைப்புடவை நீங்க வந்து எடுக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நின்னுக்கினா?"

"இல்ல, ஒக்காந்துக்கினு."

"பாக்கறேன்" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் மறுபேச்சு பேசாமல் தச்சனைக் கூப்பிட்டுத் திருகுகளைக் கழற்றி மேஜைகளைப் பின்கட்டுக்குத் தள்ளினார். மூடப்போகிற கடைக்கு எதற்குச் செலவு என்று பங்காளிகள் கேட்டார்கள். காதில் வாங்கவில்லை. வீட்டில் படுக்கிற மெத்தைகளையும் பழைய திண்டுகளையும் கொண்டுபோய்க் கடையில் போட்டோம். டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த இரண்டு விரிப்புகளையும் எடுத்தேன். மடித்த இடம் பழுப்பேறிக் கிடந்தது. நாலு தரம் அலசி நீலம் போட்டேன். பிழிய மறுமுனை பிடிக்க ஆள் இல்லாமல் குழாயில் கட்டி முறுக்கினேன். விரிப்பு வெளுத்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

சொன்ன நாளில் சங்கு ஊதியது. நாலு மணி ஆயிற்று. ஐந்தும் ஆகப்போனது. யாரும் வரவில்லை. நான் உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தேன். "ஒரு இடத்துல நில்லேன்" என்றார் என் வீட்டுக்காரர். "நிக்கறதப் பத்திப் பேசாதீங்க" என்று எரிந்து விழுந்தேன்.

அப்போது ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. நைனாவை இரண்டு பக்கமும் தாங்கி இறக்கினார்கள். பின்னாலேயே நடந்து லைன் வந்தது, பதினைந்து இருபது பேர். அவர் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் டயர் செருப்பைக் கழற்றினார். என் வீட்டுக்காரரும் தன் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, "வாங்க, ஒக்காருங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். குரல் என் மாமனார் குரலாகவே இருந்தது.

நைனா திண்டில் சாய்ந்தார். காலை நீட்டினார். விரிப்பை ஒருதரம் விரல்களால் தேய்த்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "பழசு" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு புடவைகள் வந்தன. கண்ணை மூடினார். பேத்தி ஒரு நிறம் கேட்டாள், அவள் அம்மா வேறு நிறம் கேட்டாள், அத்தைமார் ஆளுக்கொன்று இழுத்தார்கள். காதே போகிற மாதிரி சத்தம். டீ வந்தது. வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு, கூட்டம் எதற்கு என்று தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்து, அவர்களும் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எங்களுக்குக் கை ஓயாமல் வியாபாரம் நடந்தது. நைனா நடுவில் கொஞ்சம் தூங்கினார். எழுந்து, மடியில் கிடந்த மாம்பழ நிறத்துப் புடவையைத் தேய்த்துப் பார்த்து, "இது" என்றார்.

எல்லோரும் போன பிறகு என் வீட்டுக்காரர் வாசலுக்குப் போனார். போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருமே."

படியில் ஒரே ஒரு ஜோடிதான் மிஞ்சியிருந்தது. நைனாவின் டயர் செருப்பு. இவருடைய தோல் செருப்பைக் காணவில்லை.

மறுநாள் காலை என் சிநேகிதி பின்பக்கமாக வந்தாள். கையில் செருப்பு இல்லை. சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்க மாட்டாராம்க்கா. தெரிஞ்சேதான் போட்டுக்கினு வந்தாராம். செருப்பு மாறினாத்தான் நல்ல வியாபாரம்னு பெரிய மொதலாளி சொல்வாராமே. கடைசி நாளு அது கொறையக் கூடாதுன்னாரு."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் பங்காருபேட்டையில் பெங்களூர் வண்டிக்கு மாறும்போது, என் வீட்டுக்காரர் அந்த டயர் செருப்போடுதான் பிளாட்பாரத்தில் நடந்தார். அளவு பெரியது, அடிக்கு அடி சத்தம் போட்டது. பெங்களூரில் பையன் புதுத் தோல் செருப்பு வாங்கிக் கொடுத்தான். அதை அவர் ஒருநாளும் போடவில்லை.